நான் நடத்தாமல் விட்ட பாடம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இன்னும் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கத்திரி வெயில் உச்சத்தில் இருந்தது. எங்கள் வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாடியில் ஷீட் போட்ட அறை ஒன்று இருக்கிறது. மத்தியானம் உள்ளே போனால் அடுப்புக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். என் தம்பி பேரன் டிப்ளமோ முடித்துவிட்டு ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அவன்தான் ஞாயிற்றுக்கிழமை வந்து ஷீட்டுக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டிக்கொண்டிருந்தான். பாதியில் பசை தீர்ந்துவிட்டது. "இதோ வாங்கிட்டு வந்துடறேன் தாத்தா" என்று புது பைக் சாவியை எடுத்தான். ஹெல்மெட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அதை மாட்டிக்கிட்டுப் போடா" என்றேன்.

"இந்த வெயில்ல மண்டை வெந்துடும் தாத்தா. பக்கத்துக் கடைதானே. மெதுவாத்தான் போவேன்."

அவன் இன்னொரு கையில் ஒரு தெர்மாகோல் துண்டு இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு இந்தப் பதிவு தோன்றியது. வெயிலிலிருந்து நம்மைக் காப்பாற்றும் என்று கூரைக்கு அடியில் ஒட்டுகிறானே, ஏறக்குறைய அதே பொருள்தான் அவன் வேண்டாம் என்று விட்டுப்போகும் ஹெல்மெட்டுக்குள்ளும் இருக்கிறது. அது அங்கே வந்து சேர்ந்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் பாதியை உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

முதல் உலகப் போர் பாடம் நடத்தும்போது அரேபியா லாரன்ஸ் கதை சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இருக்காது. கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்களை எழுப்புவதற்காக நானாகச் சேர்த்துக்கொண்ட கதை அது. துருக்கிய சாம்ராஜ்யத்துக்கு எதிராக அரேபியர்கள் கிளம்பியபோது அவர்களோடு ஒட்டகத்தில் பாலைவனத்தைக் கடந்த ஆங்கிலேயர் டி.இ. லாரன்ஸ். ரயில் பாதைகளுக்கு வெடி வைத்தது, அகபா துறைமுகத்தைக் கடல் பக்கமாக இல்லாமல் பாலைவனப் பக்கமாக வந்து பிடித்தது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். மணி அடித்துவிடும். அவர் எப்படிச் செத்தார் என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

போர் முடிந்ததும் லாரன்ஸ் புகழிலிருந்து ஒதுங்கி, பெயரை மாற்றிக்கொண்டு விமானப்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். 1927, 1928-இல் அன்றைய ஒன்றுபட்ட இந்தியாவின் கராச்சியிலும் எல்லைப்புற மிரான்ஷாவிலும் வேலை பார்த்தார். அவருக்கு மோட்டார் சைக்கிள் பைத்தியம் உண்டு. பிரஃப் சுப்பீரியர் என்று ஒரு கம்பெனியின் வண்டியை மட்டும் அடுத்தடுத்து ஏழு வாங்கியிருக்கிறார். அந்தக் காலத்திலேயே மணிக்கு நூறு மைல் ஓடும் வண்டி அது.

1935 மே 13. விமானப்படையை விட்டு வந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை. இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், தன் சின்ன வீட்டிலிருந்து பக்கத்து ராணுவ முகாம் தபாலாபீசுக்குப் போய், ஒரு நண்பருக்குத் தந்தி கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில்தான். தெரிந்த ரோடு. சாலை ஓரிடத்தில் பள்ளமாக இறங்கி ஏறும். அங்கே சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் கடைசி நொடியில்தான் கண்ணில் பட்டார்கள். அவர்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்தார். ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறியப்பட்டார். தலையில் ஒன்றும் இல்லை. ஆறு நாள் நினைவே திரும்பாமல் மே 19 அன்று இறந்தார். வயது 46. அடக்கத்துக்கு சர்ச்சில் வந்தார்.

பாலைவனமும் துருக்கியரும் ஒன்றும் செய்ய முடியாத மனுஷன், தந்தி கொடுக்கப் போன இடத்தில் போய்விட்டார்.

அவருக்குச் சிகிச்சை செய்ய வந்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்று ஒருவர். ஆஸ்திரேலியாவில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்து, மூளை அறுவைச் சிகிச்சையின் முன்னோடியான ஹார்வி குஷிங்கிடம் அமெரிக்காவில் பயிற்சி பெற்றவர். அப்போது அவருக்கு 38 வயது. லாரன்ஸைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் கெய்ர்ன்ஸ் அதோடு விட்டுவிடவில்லை. நம் ஊரில் சொல்வதுபோல "விதி" என்று எழுந்து போகாமல் எண்ண ஆரம்பித்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ராணுவச் செய்திகளைக் கொண்டுபோக ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் ஏறினார்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து இரவில் தெருவிளக்கு கிடையாது. 1941 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கெய்ர்ன்ஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். போருக்கு முந்தைய 21 மாதங்களில் பிரிட்டன் சாலைகளில் இறந்த மோட்டார் சைக்கிள்காரர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களுமாக 1,884 பேர். போர் தொடங்கிய முதல் 21 மாதங்களில் 2,279 பேர். பெட்ரோலுக்கு ரேஷன் இருந்தும் இப்படிக் கூடியிருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு அடி தலையில்தான். அவர் பார்த்தவர்களில் ஹெல்மெட் போட்டிருந்தவர்கள் ஏழே பேர். அந்த ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள்.

ஏழு என்பது சின்ன எண்ணிக்கைதான். அது அவருக்கும் தெரியும். ஆனால் ராணுவம் காது கொடுத்துக் கேட்டது. 1941 முடிவதற்குள் பணியில் வண்டி ஓட்டும் சிப்பாய்கள் எல்லோரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று உத்தரவானது. கெய்ர்ன்ஸ் தொடர்ந்து எண்ணினார். 1946-இல் இன்னொரு கட்டுரை எழுதினார். ஹெல்மெட் வந்த பிறகு சாவு எண்ணிக்கை இறங்குவதை அதில் காட்டினார்.

அவரோடு ஆக்ஸ்போர்டில் ஹோல்போர்ன் என்று ஓர் இயற்பியல்காரர் இருந்தார். மண்டை உடையாமலே மூளை ஏன் கெட்டுப்போகிறது என்பது அவருடைய கேள்வி. மூளைக்குப் பதிலாக ஜெலாட்டின் வைத்துச் சோதித்துப் பார்த்தார். தலை சட்டென்று திரும்பும்போது உள்ளே இருக்கும் மூளை கூடவே திரும்பாமல் முறுக்கிக்கொள்கிறது, அந்த இழுவையில் கிழிகிறது என்று கண்டுபிடித்தார். வெளியே ஒரு சொட்டு ரத்தம் வராமல் ஆள் நினைவிழந்து கிடப்பதற்கு இதுதான் காரணம். தட்டில் வைத்த ஜெல்லியை வேகமாகத் திருப்பி நிறுத்திப் பாருங்கள், புரியும்.

ஹெல்மெட்டே இல்லாத காலம் அல்ல அது. 1914-லேயே ஐல் ஆஃப் மேன் தீவுப் பந்தயத்தில் கான்வாஸ் துணியில் அரக்கு ஏற்றிச் செய்த தொப்பிகள் கட்டாயமாகிவிட்டன. பந்தய மைதான மருத்துவர் ஒருவர் தலைக்காயங்களைப் பார்த்துச் சலித்துப்போய்க் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஆக, பந்தயக்காரருக்கு 1914-லேயே தெரிந்தது, தந்தி கொடுக்கப் போனவருக்கு 1935-இல் தெரியவில்லை. "பந்தயத்துக்குத்தான் ஹெல்மெட், கடைக்குப் போக எதற்கு?" என்பதே நினைப்பு. இன்றைக்கும் அதே நினைப்புதான்.

அந்தக் கால ஹெல்மெட்டில் ஒரு குறை இருந்தது. வெளியே கெட்டி ஓடு, உள்ளே தலைக்கும் ஓட்டுக்கும் இடையில் பட்டைகள். போருக்குப் பிறகு அமெரிக்காவில், தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் லோம்பார்டும் அவர் கூட்டாளி ராத்தும் வேறு மாதிரி யோசித்தார்கள். உள்ளே நசுங்கக்கூடிய ஒரு கனமான பொருளை வைத்தால் அடியின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும் அல்லவா? 1947-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1953-இல் கிடைத்தது. இன்றைய ஹெல்மெட்டுகள் எல்லாம் அந்த யோசனையின் பிள்ளைகள். நசுங்கும் அந்தப் பொருளாகப் பிற்பாடு பெருவழக்காக வந்து உட்கார்ந்ததுதான் நம்முடைய தெர்மாகோல். ஹெல்மெட்டில் இருப்பது டிவி பெட்டியில் வருவதைவிட நெருக்கமானது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரித்திர வாத்தியார் கொஞ்சம் கணக்கும் சொல்கிறேன். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது ஏறக்குறைய மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அதாவது சிக்னலில் நின்ற வண்டியிலிருந்து சாய்ந்து விழுந்தாலே தலை அந்த வேகத்தில் தார் ரோட்டில் மோதும். தார் ரோடு விட்டுக்கொடுக்காது. மண்டை ஓடும் விட்டுக்கொடுக்காது. உள்ளே இருக்கும் மூளைதான் விட்டுக்கொடுக்க வேண்டும். நடுவில் இரண்டு விரல் கனத்துக்குத் தெர்மாகோல் இருந்தால் தலை ஒரேயடியாக நிற்காமல் கொஞ்ச தூரம் நசுக்கிக்கொண்டே போய் நிற்கும். அந்தக் கொஞ்ச தூரம்தான் உயிர். "மெதுவாத்தான் போவேன் தாத்தா" என்பதற்கு இதுதான் பதில்.

தெரிந்த பிறகும் சட்டம் எவ்வளவு தாமதமாக வந்தது பாருங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1961-இல் முதன்முதலாக எல்லா மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. கெய்ர்ன்ஸ் பிறந்த நாடு. அவர் உழைத்த பிரிட்டனில் 1973-இல்தான் கட்டாயமானது. 1941 கட்டுரைக்கும் சட்டத்துக்கும் நடுவே 32 வருடம். கெய்ர்ன்ஸ் 1952-லேயே புற்றுநோயில் இறந்துவிட்டார். தன் கணக்கு சட்டமானதை அவர் பார்க்கவில்லை. 1976-இல் தலைப்பாகை கட்டும் சீக்கியர்களுக்கு அங்கே விலக்கு கொடுத்தார்கள். அதே 1976-இல் அமெரிக்காவில், ஹெல்மெட் சட்டம் இல்லாத மாநிலங்களுக்குச் சாலை நிதியைக் குறைக்கும் அதிகாரத்தை அவர்கள் பாராளுமன்றம் எடுத்துவிட்டது. மாநிலம் மாநிலமாகச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். என் தலை என் உரிமை என்ற வாதம் நம் ஊரில் பிறந்தது இல்லை.

இப்போது நம் கதை. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் துறையை ஆரம்பித்தது 1949-இல். அடுத்த வருடமே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி மூளை அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். 1955-இல் சென்னையில் புல்லட் வந்தது. 1980-இல் ஓசூரில் டி.வி.எஸ். 50 வந்தது, வாத்தியார்களும் விவசாயிகளும் பால்காரர்களும் வண்டி ஏறினோம். தலையைத் திறந்து பார்க்கும் டாக்டர் நமக்கு முதலில் வந்துவிட்டார், தலையை மூடும் பழக்கம்தான் வரவில்லை.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு ஹெல்மெட் போடச் சொன்னது. தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்று அறிவித்தார்கள். கடைகளில் கூட்டம் நெருக்கித் தள்ளியது, பிறகு கெடுபிடி தளர்ந்தது. உயர்நீதிமன்றம் சொன்னதால் 2015 ஜூலை 1 முதல் மறுபடி கட்டாயம். மறுபடி கூட்டம், மறுபடி தளர்வு. 2022-இல் நூறு ரூபாய் அபராதம் ஆயிரம் ஆனது.

இந்தத் தேதிகளையெல்லாம் சொல்வது அரசாங்கத்தைக் குறை சொல்ல அல்ல. அந்த 2007-இல் நான் என்ன செய்தேன் என்று சொல்லத்தான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நானும் ஒரு ஹெல்மெட் வாங்கினேன். ரோட்டோரத்தில், பேரம் பேசி. பத்து நாள் போட்டேன். பிறகு செக்போஸ்ட் வரைக்கும் வண்டியில் மாட்டிக்கொண்டு போய், போலீஸ் இருந்தால் மட்டும் தலைக்கு மாற்றுவேன். வெயிலில் தலை வியர்த்து அரித்தது, அதுதான் காரணம். ஒரு நாள் பத்தாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், ஹெல்மெட்டை வண்டிக்கு மாட்டியிருக்கீங்களே?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நான், "உங்க சாருக்கு மண்டை கெட்டிடா" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தப் பையனும் சிரித்தான். நானும்தான்.

அந்தக் கேள்வி கேட்ட பையன் பிறகு ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். 2011-இல் ஓர் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது நாய் குறுக்கே வந்தது. வண்டி சாய்ந்தது. பெரிய வேகம் இல்லை. உடம்பில் சிராய்ப்புகூட அதிகம் இல்லை. ஹெல்மெட் பெட்ரோல் டாங்க் மேல் இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான்.

பார்க்கப் போனேன். அம்மா சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். காலையில் யார் வந்தார்கள் என்று கேட்டால் தெரியாது. ஐம்பது ரூபாய் கொடுத்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரியாது. ஆனால் தலையில் அடிபட்டவர்களுக்குப் பழைய ஞாபகம் சில சமயம் அப்படியே இருக்கும் என்பார்கள். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "அம்மா, எங்க சார்மா. இவருக்கு மண்டை கெட்டி" என்றான்.

அவன் அப்பா எனக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். நான் குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

அவன் விழுந்ததற்கு நான்தான் காரணம் என்று சொல்லவில்லை. அவன் அப்பாவும் அப்படி நினைக்கவில்லை. ஆனால் முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நான் கரும்பலகையில் எழுதியதை நீங்கள் பரீட்சை வரைக்கும் வைத்திருந்தீர்கள். நான் நடந்துகொண்டதை அதற்குப் பிறகும் வைத்திருந்தீர்கள். அவன் பெற்றோரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க சார், நாலு பேர் போட்டாலும் போதும்" என்றார் அந்த அம்மா. பெயர் போடவில்லை. தெரிந்தவர்களும் கீழே எழுத வேண்டாம்.

கெய்ர்ன்ஸ் எண்ணியதைப் பிறகு உலகம் முழுக்க எண்ணிப் பார்த்துவிட்டார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஹெல்மெட் போட்டால் சாகும் ஆபத்து சுமார் 42 சதவீதமும் தலைக்காய ஆபத்து சுமார் 69 சதவீதமும் குறைகிறது. நம் நாட்டில் 2022-ஆம் வருடம் மட்டும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஹெல்மெட் போடாதவர்கள் 50,029 பேர். அவர்களில் பதினான்காயிரத்துக்கு மேல் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். பெரும்பாலும் யாரோ ஒருவரின் மனைவி, அம்மா, பிள்ளை.

வெயிலுக்கு வருகிறேன். அந்தப் பையன் சொன்னது பொய்யில்லை. தெர்மாகோல் வெளிச்சூட்டை உள்ளே விடாது, அதே போல நம் தலையின் சூட்டையும் வெளியே விடாது. அதனால்தான் புழுங்குகிறது. காற்றுத் துளை உள்ள ஹெல்மெட்டாகப் பாருங்கள். வெளிர் நிறமாக இருக்கட்டும். உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் தடிமனாகச் சுற்றினால் பிடிப்பு போய்விடும். வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு ஹெல்மெட்டை அதன் மேலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள், கையோடு எடுத்துப் போங்கள். உள்துணியை அடிக்கடி துவையுங்கள்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜூன் முதல் முத்திரை இல்லாததை விற்பதே குற்றம். நான் ரோட்டோரத்தில் வாங்கியதைப் பிறகு உடைத்துப் பார்த்தேன். உள்ளே தெர்மாகோலே இல்லை, வெறும் ஸ்பாஞ்ச். தாடைப் பட்டையை மாட்டுங்கள். மாட்டாத ஹெல்மெட் நமக்கு முன்னால் பறந்துபோய் விழும். ஒரு முறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். நசுங்கிய தெர்மாகோல் திரும்ப எழாது, வெளியே ஓடு நன்றாகத்தான் தெரியும்.

தம்பி பேரன் கதையை முடிக்கவில்லையே. அவன் கையிலிருந்த தெர்மாகோல் துண்டை வாங்கி, கட்டைவிரலால் அழுத்திக் காட்டினேன். பள்ளம் விழுந்தது. "இந்தப் பள்ளம் இதுல விழணுமா, உள்ள விழணுமா?" என்று கேட்டேன். பிறகு அந்த ஷூ கம்பெனிப் பையனைப் பற்றிச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனான். நாளைக்கும் போடுவானா என்று எனக்குத் தெரியாது. நான் போடுவதை அவன் பார்ப்பான். அது மட்டும் என் கையில் இருக்கிறது.

எனக்கு இப்போது 71 வயது. கோவிலுக்குப் போனாலும், எதிர்த் தெருவுக்குப் போனாலும் மாட்டிக்கொண்டுதான் போகிறேன். கோவில் வாசலில் பூக்காரம்மா சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

உங்களில் பாதிப் பேருக்கு இப்போது வண்டி ஓட்டும் வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரே ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன், இதுவே கடைசி. நாளைக் காலை பிள்ளையை ஸ்கூலில் விடும்போது நீங்களும் போட்டு, பின்னால் உட்காரும் குழந்தைக்கும் ஒன்று போட்டுக் கூட்டிப் போங்கள். போய்ச் சேர்ந்ததும் கீழே "போட்டாச்சு சார்" என்று இரண்டு வார்த்தை எழுதுங்கள். வருகைப் பதிவேடு எடுத்துப் பல வருடம் ஆகிறது. ஒவ்வொரு பெயராகப் பார்ப்பேன்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

உங்கள் பழைய சரித்திர வாத்தியார்